மூன்றாவது விளையாட்டுக்கு மாறும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பள்ளியில் ஓட்டம், கல்லூரியில் ரக்பி, இருபத்து மூன்று வயதில் பாப்ஸ்லெட் எனும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தய அணித் தேர்வு என்று மகளின் பாதையை எழுதி, படிப்பும் வேலையும் என்னாகும் என்று கவலைப்பட்டு, "எதிலும் நிலைக்காதவள்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த முடிவு மட்டும் தவறு. ஆட்டத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் முழு வேகம் எடுக்கும் உடல் அப்படியே இருக்கிறது. பாப்ஸ்லெட் தேர்வாளர்கள் தேடுவதும் அந்த உடலைத்தான்.

பனிப்பாதையின் தொடக்கத்தில் வீரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, அதில் தாவி ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். முதல் ஐம்பது மீட்டருக்குத் தனியாக நேரம் கணக்கிடுகிறார்கள். அங்கே இழக்கும் நொடிப்பகுதி, கீழே போகப் போகப் பெருகிவிடும். ஆகவே தள்ளுபவர்களைக் குறுகிய தூர ஓட்டக்காரர்கள், ரக்பி வீரர்கள் போன்றோரிடமிருந்து எடுக்கிறார்கள். தேர்விலும் குறுகிய தூர ஓட்டம், நின்றபடி நீளம் தாண்டுதல், எடை தூக்குதல் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். இருபதுகளின் நடுவில் வந்து சேர்வது இங்கே வழக்கமான ஒன்று.

கனடாவின் ஹெதர் மோய்ஸைப் பற்றி மகளோடு சேர்ந்து படியுங்கள். தடகளமும் ரக்பியும் ஆடியவர், இருபத்தேழு வயதில் பாப்ஸ்லெட்டுக்கு வந்தார். சில மாதங்களிலேயே 2006 டுரின் ஒலிம்பிக்கில் ஹெலன் அப்பர்ட்டனுடன் இறங்கி, 0.05 நொடியில் வெண்கலத்தை இழந்து நான்காவது இடம் பெற்றார். அதே ஆண்டு பெண்கள் ரக்பி உலகக் கோப்பையிலும் கனடாவுக்காக ஆடினார். 2010 வான்கூவரிலும் 2014 சோச்சியிலும் கெய்லி ஹம்ஃப்ரிஸ் ஓட்டிய வண்டியைத் தள்ளி, இரண்டு தங்கம் வென்றார். இடையில் தடச் சைக்கிள் பந்தயத்திலும் கனடாவுக்காகக் களம் கண்டார். இவரையும் நிலைக்காதவர் என்பீர்களா?

அதே மோய்ஸ் தொழில்வழி மறுவாழ்வுச் சிகிச்சையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். படிப்பைப் பற்றிய உங்கள் கவலைக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. சோச்சியில் மோய்ஸ் இணையிடம் 0.10 நொடியில் தங்கத்தை இழந்த அமெரிக்க வண்டியைத் தள்ளியவர் லாரின் வில்லியம்ஸ். 2012 லண்டனில் தொடர் ஓட்டத் தங்கம் பெற்ற அவர், கல்லூரியில் நிதியியல் படித்தவர். பிறகு நிதித் திட்ட ஆலோசகராகத் தொழில் அமைத்துக்கொண்டார். இன்னும் பின்னோக்கிப் போனால், 1920இல் குத்துச்சண்டையிலும் 1932இல் நால்வர் பாப்ஸ்லெட்டிலும் தங்கம் வென்ற எடி ஈகன் ஒரு வழக்கறிஞர்.

ஆகவே பட்டப்படிப்பைப் பாதியில் விடுவதை மட்டும் ஏற்காதீர்கள். இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாப்ஸ்லெட் பணம் கொட்டும் விளையாட்டு அல்ல. பனிப்பாதைகள் உலகில் மிகச் சிலவே. பயணமும் வண்டியும் செலவு பிடிப்பவை. அணியில் இடம் கிடைத்தாலும், யார் எதற்குப் பணம் தருவார்கள் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பனிக்காலத்தில் வகுப்புக்குப் போக முடியாது என்பதால், பல்கலைக்கழகத்தில் பாடங்களைத் தள்ளி எடுக்கவோ தொலைநிலையில் தொடரவோ அனுமதி உண்டா என்று தேர்வுக்கு முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள்.

காயத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வண்டி மணிக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். கவிழ்ந்தால் தலையில் அடிபடும். கவிழாமலேயே வளைவுகளின் அதிர்வு தலையையும் கழுத்தையும் வாட்டும். மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் அணி என்ன செய்யும், மருத்துவர் அனுமதி இல்லாமல் மீண்டும் ஏற்றுவார்களா, காப்பீடு யார் பெயரில் என்று பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள். மழுப்பினால் அந்த அணி வேண்டாம்.

தெளிவாகப் பதில் சொன்னால் மகளைத் தேர்வுக்கு அனுப்புங்கள். முதல் போட்டிப் பருவத்துக்கு என்ன செலவாகும், அதில் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடும் பல்கலைக்கழகத்தின் பதிலோடும் என்னிடம் வாருங்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று அட்டவணை போட்டுத் தருகிறேன்.