பப்பி லினக்ஸ் சிடி பூட் ஆகவில்லையா? கடைசி வரியைச் சொல்லுங்கள்

பழைய கணினியில் பப்பி லினக்ஸ் போட்டுப் பார்த்து, பாதியில் நின்றுபோனவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காலர் 2003இல் வெளியிட்ட சிறிய லினக்ஸ் இயங்குதளம் பப்பி. ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கணினியிலும் சிடியிலிருந்து ரேமுக்கு ஏறி ஓடும். அதனால்தான் காயலான் கடைக்குப் போகவிருந்த எத்தனையோ பெட்டிகளை அதை வைத்து மீட்க முடிந்தது.

எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். "பூட் ஆகவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். திரையில் கடைசியாக நின்ற வரி என்ன என்று எழுதுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது. கட்டளைகளைத் தமிழில் ஒலியாகத் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

கேள்வி: சிடி போட்டும் நேராக விண்டோஸ்தான் வருகிறது, சார். பூட் வரிசையில் சிடியை முதலில் வைத்துவிட்டேன்.

அந்த சிடியை விண்டோஸிலேயே திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒரு சிடியின் முழு உள்ளடக்கமும் அடங்கிய கோப்பு) என்று முடியும் ஒரே ஒரு பெரிய கோப்பு உட்கார்ந்திருந்தால், எழுதிய விதம் தவறு. ஐஎஸ்ஓவை ஒரு கோப்பாக சிடியில் போட்டிருக்கிறீர்கள். எழுதும் மென்பொருளில் 'இமேஜ்' என்ற வழியில் எழுதியிருக்க வேண்டும். சரியாக எழுதிய சிடியில் விஎம்லினஸ் (கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி), இனிட்ஆர்டி (தொடக்கத்தில் ரேமில் ஏறும் தொகுப்பு), எஸ்எஃப்எஸ் என முடியும் கோப்பு (பப்பியின் மற்ற மென்பொருள்களைச் சுருக்கி வைத்தது) எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

கேள்வி: அவையெல்லாம் தெரிகின்றன. ஆனால் "இமேஜ் செக்சம் எரர், சாரி" என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பூட்டைத் தொடங்கிவைக்கும் ஐசோலினக்ஸ், தன் கோப்பே பழுதாக வாசிக்கப்படுகிறது என்று சொல்கிறது. இறக்கிய ஐஎஸ்ஓவின் எம்டி5 எண்ணை (கோப்புக்கு அது கைரேகை மாதிரி), இறக்கிய பக்கத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு முதலில் ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். எண் சரியென்றால் வேறு சிடியில், மென்பொருள் அனுமதிக்கும் மிகக் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். சிடியைத் திருப்பி ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி நடுவிலிருந்து கொஞ்சம் நிறம் மங்கிய வளையமாகத் தெரியும். அந்த வளையத்துக்குள் கீறலோ விரல் ரேகையோ இருந்தால், பழைய டிரைவ் அதில் தடுக்கி விழும்.

கேள்வி: அண்ணா, பெங்குவின் படம் வரை வருகிறது. பிறகு பப்பியின் எஸ்எஃப்எஸ் கோப்பைக் காணோம் என்கிறது. கோப்பு சிடியில் இருக்கிறது, நானே பார்த்தேன்! வெளியில் செருகும் யூஎஸ்பி சிடி டிரைவ்.

தம்பி, அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சிடியை இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கிறார்கள். முதலில் பயாஸ், அதாவது கணினி எழுந்ததும் மதர்போர்டிலிருந்து ஓடும் மென்பொருள். கர்னலையும் இனிட்ஆர்டியையும் அது எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கர்னல் தன் சொந்த டிரைவரை வைத்து அதே சிடி டிரைவை மறுபடி கண்டுபிடித்தாக வேண்டும். முதல் ஆள் வாசித்தான் என்பதற்காக இரண்டாம் ஆளுக்கும் டிரைவ் தெரிய வேண்டும் என்பதில்லை. டிரைவ் சுழல ஆரம்பிக்கத் தாமதமானால்கூட, கர்னல் தேடி முடித்து 'காணோம்' என்றுவிடும்.

முதலில் மின்சாரத்தைப் பார். பழைய லேப்டாப்பின் ஒரு யூஎஸ்பி துளை தரும் கரண்ட் இந்த டிரைவ்களுக்குப் பல நேரம் போதாது. இரட்டைத் தலை கேபிள் இருந்தால் இரண்டையும் செருகு. அதன் பிறகும் அடம் பிடித்தால், சிடியிலிருக்கும் எஸ்எஃப்எஸ் கோப்பை விண்டோஸிலிருந்து சி டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், நேராக நகலெடுத்து வை. பிறகு அதே சிடியில் பூட் செய். பப்பி ஹார்ட் டிஸ்க் பகுதிகளிலும் தேடும். அங்கே கிடைத்ததும் ஏறிவிடும். இந்த ஒரு வேலையால் எழுந்த கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: "இந்தச் செயலியில் பிஏஇ இல்லை" என்ற பொருளில் ஒரு வரி வந்து நிற்கிறது. 2004இல் வாங்கிய பென்டியம் எம் லேப்டாப்.

32 பிட் கணினியில் 4 ஜிபிக்கு மேல் ரேமைத் தொட உதவும் வசதி பிஏஇ. உங்கள் பென்டியம் எம் செயலியில் அந்த வசதி உண்மையில் உண்டு. இருப்பதாக வெளியே சொல்லிக்கொள்ளாது, அவ்வளவுதான். கர்னல் 3.15 முதல் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பூட் வரியின் (சிடி எழும்போது கட்டளை தட்ட இடம் தரும் வரி) கடைசியில் 'ஃபோர்ஸ்' என்பதோடு பி, ஏ, இ மூன்றையும் ஒட்டித் தட்டுங்கள். கர்னல் அதைவிடப் பழையது என்றால் பிஏஇ தேவைப்படாத பப்பியைத் தேடி இறக்குங்கள். ஸ்லாக்கோ 5.7 என்ற பப்பி இரண்டு வகையாகவும் கிடைத்தது.

எக்ஸ்86-64 செயலி வேண்டும் என்று கேட்டு நின்றால் கதை வேறு. 64 பிட் சிடியை 32 பிட் கணினியில் போட்டிருக்கிறீர்கள், அதற்கு மாற்று வழி கிடையாது.

கேள்வி: எல்லாம் ஓடி முடிந்து திரை கறுப்பாகிவிடுகிறது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

நல்ல செய்தி இது, கணினி பூட் ஆகிவிட்டது. திரைக்குப் படம் போகவில்லை. பூட் வரியில் நோமோட்செட் என்று சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் 'பிஃபிக்ஸ்' (பப்பியின் பி, பிறகு ஃபிக்ஸ்), சமக்குறி, என், ஓ, எக்ஸ் என்று ஒட்டித் தட்டுங்கள். வெறும் எழுத்துத் திரையில் வந்து நிற்கும். அங்கே எக்ஸ்ஆர்க்விசார்ட் என்று தட்டி வேசா என்ற பொதுவான திரை டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். படம் வேகமாக நகராது, ஆனால் வேலை நடக்கும்.

கேள்வி: ஆறு மாதமாக நன்றாக ஓடியது. நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து பாதியில் தொங்குகிறது. என் மகளின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதறாதீர்கள் அம்மா. சிடி கெடவில்லை, அதில் எதுவும் எழுதப்படவே இல்லை. நீங்கள் சேமிப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் 'பப்சேவ்' என்பது போல, பெயரில் 'சேவ்' என்று வரும் கோப்புக்குள் போகிறது. திடீரென்று கரண்ட் போனதில் அது சிக்கிக்கொண்டிருக்கலாம். 'பிஃபிக்ஸ்', சமக்குறி, 'ராம்' என்று தட்டி பூட் செய்யுங்கள். அந்தக் கோப்பைத் தொடாமல் புதிது போல வரும். உடனே பப்சேவ் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நகல் கைக்கு வந்ததும் மறுபடி பூட் செய்து, ராம் என்ற இடத்தில் எஃப்எஸ்சிகே என்று தட்டினால் கோப்பைச் சோதித்துச் சரிசெய்யப் பார்க்கும்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் பூட் வரிசை தானாக மாறிவிடுகிறது. கடிகாரமும் பழைய வருடம் காட்டுகிறது.

மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு தடவை பூட் ஆகிறது, அடுத்த தடவை 'கர்னல் பேனிக்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில்.

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் சிடியைச் சந்தேகிப்பதற்கு முன் ரேமைச் சந்தேகியுங்கள். பப்பி முழுவதும் ரேமில் வாழ்கிறது, அங்கே ஓட்டை இருந்தால் இங்கேதான் முதலில் தெரியும். பவர் கயிற்றைப் பிடுங்கிவிட்டு ரேம் குச்சியைக் கழற்றி, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால் சந்தேகம் தீரும்.

கேள்வி: புது லேப்டாப்பில் பழைய பப்பி சிடியை ஏற்கவே மாட்டேன் என்கிறது.

பயாஸ் அமைப்புக்குள் போய் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாததை பூட் ஆகவிடாத காவல்) அணைத்து, லெகசி அல்லது சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்வது) என்று இருப்பதை இயக்குங்கள். சில புதுக் கணினிகளில் அந்த வசதியே இருக்காது. அப்போது பயாஸின் இடத்தைப் பிடித்த யுஇஎஃப்ஐயில் ஓடும் புதிய 64 பிட் பப்பிதான் ஒரே வழி.

கேள்வி: சிடி டிரைவே செத்துவிட்டது. பயாஸுக்கு யூஎஸ்பி பூட் தெரியாது. எக்ஸ்பி மட்டும் ஓடுகிறது. வழி உண்டா?

உண்டு. பப்பியின் கர்னல், இனிட்ஆர்டி, எஸ்எஃப்எஸ் மூன்றையும் சி டிரைவில் வையுங்கள். கூடவே கிரப்4டாஸ் என்ற பூட் மென்பொருள் தரும் ஜிஆர்எல்டிஆர் கோப்பையும், பப்பியை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் மெனு கோப்பையும் வையுங்கள். பிறகு எக்ஸ்பியின் பூட்.இனி கோப்பில் ஜிஆர்எல்டிஆருக்கு ஒரு வரி சேர்த்தால், கணினி எழும்போது எக்ஸ்பியா பப்பியா என்று கேட்கும். பூட்.இனியைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மெனு கோப்பில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு உங்கள் ஐஎஸ்ஓவில் உள்ள கோப்புகளின் சரியான பெயர்கள் தேவை. அவற்றை அனுப்புங்கள், வரி வரியாக எழுதித் தருகிறேன்.