பல நாடுகளின் குற்றங்களை ஒப்பிட்டுப் படிப்பதில் என்ன கிடைக்கும்?

குற்றவியல் முதுகலையில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எடுங்கள். நான் எடுத்தேன், இன்றுவரை அதில்தான் இருக்கிறேன்.

முதல் பருவத்தில் பாலியல் வல்லுறவுப் பதிவுகளை நாடுவாரியாக அட்டவணை போட்டேன். ஸ்வீடன் மேலே வந்தது. பெண்களுக்கு ஆபத்தான நாடு என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் மதிப்பெண் போடவில்லை. ஓரத்தில் "எப்படி எண்ணுகிறார்கள்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்.

தேடிப் பார்த்தேன். கணவன் பலமுறை வல்லுறவு செய்ததாக ஒரு பெண் புகார் கொடுத்தால், ஸ்வீடனில் ஒவ்வொரு முறையும் தனிக் குற்றமாகப் பதிவாகும். பல நாடுகளில் அது ஒரே வழக்கு. போதாததற்கு, 2005இல் வல்லுறவு என்பதன் சட்ட வரையறையையே அங்கே விரிவாக்கிவிட்டார்கள். கணவன் செய்தால் அது குற்றமே இல்லை என்கிற நாடுகளும் உண்டு. அங்கே அந்தப் பெண் கணக்கிலேயே வரமாட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குறைவான எண்ணைப் பார்த்து நான் நல்ல நாடு என்று குறித்திருந்த இடங்களில் எத்தனை பெண்கள் வாய்திறக்க வழியில்லாமல் இருந்திருப்பார்கள்?

கொலையில் இந்தச் சிக்கல் குறைவு. பிணத்தை மறைப்பது கடினம், அதனால்தான் நாடுகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கொலை விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, தண்டனை பக்கம் வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்து. அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காப்பகங்களில் அடைத்ததற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின், 1989இல் சிறார் சட்டத்தை மாற்றினார்கள். தப்பு செய்த பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். ஒரு கட்டத்தில் அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். என்ன பரிகாரம் செய்வது என்று குடும்பம் தனியாகப் பேசி ஒரு திட்டத்தோடு வரவேண்டும். அந்த வெளியேறுதல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல நாடுகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. ஆனால் அதிகாரி நாற்காலியை விட்டு எழ மறுத்தால் அது இன்னொரு விசாரணை அறைதான்.

அப்புறம், சேர்ந்ததும் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, மூன்று நாட்டுச் சட்டங்களில் அதன் வரையறையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எண்களை அதற்குப் பிறகு தொடுங்கள்.