ஒன்றரை மாதப் பிள்ளையின் கழுத்தில் கட்டி: வைத்தியரிடம் காட்ட வேணுமா?

கேட்டிருப்பவர் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம். பிள்ளையின் வலக் கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது, காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறான், அம்மம்மா எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்.

காட்டத்தான் வேணும். ஆனால் இரவோடிரவாக ஓடத் தேவையில்லை. உருவுவதை மட்டும் இன்றைக்கே விடுங்கள்.

காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை ஒன்று உண்டு. இந்த வயதில் அடிக்கடி காண்பது அந்தத் தசைக்குள் வரும் தடிப்புத்தான். பிறந்து 2 முதல் 4 வாரத்தில் தெரியவரும். கெட்டியாக இருக்கும், நோகாது, 1 முதல் 3 சென்ரிமீற்றர் வரும். வயிற்றுக்குள் தலை கீழே திரும்பாமல் காலோ பின்பக்கமோ முன்வந்து பிறந்த, ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைகளில் கூடுதல். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி முன்னாலிருந்து பாருங்கள்: தலை வலத் தோளுக்குச் சரிந்து, நாடி (மோவாய்) இடப்பக்கம் திரும்பி நின்றால் பெரும்பாலும் இதுதான். உறுதிப்படுத்த ஒரு ஸ்கான் போதும், ஊசி குத்திப் பார்ப்பது அரிது. தசை நார்பாய்ந்து தடித்திருப்பதால் எண்ணெய்க்கு அது கரையாது. உள்ளே சீழோ நீரோ இருந்தால் உருவுவது கெடுதியும்கூட.

சில வாரம் பெருத்துவிட்டுப் பிறகு தானாக வற்றும், மாதக்கணக்காகும். அதற்குள் கழுத்து இறுகாமலிருக்கத்தான் பிசியோதெரபி. இழுத்துவிடும் பயிற்சியை பிசியோதெரபி செய்பவர்கள் கையால் காட்டித் தந்த பிறகே செய்யுங்கள். வீட்டில் இப்போதே செய்யக்கூடியது: வலப்பக்கம் நின்று கூப்பிடுங்கள், கிலுக்கை அந்தப் பக்கம் ஆட்டுங்கள். விழித்திருக்கையில் பாயில் குப்புறக் கிடத்தி, பக்கத்திலேயே இருங்கள். நாள் முழுக்க ஏணையில் கிடந்தால் தலை திருப்ப இடமில்லை, ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இடுப்பு மூட்டுக் கோளாறும் இதுவும் சேர்ந்து வருவதுண்டு.

எல்லாக் கட்டியும் இதுவல்ல. பிறந்தவுடன் இடக்கையில் போடும் பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசியால் இட அக்குளிலும், சிலவேளை இடக் காறை எலும்புக்கு மேலும் நெறி கட்டும். பெரும்பாலும் தானாக வற்றும், என்றாலும் வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். காறை எலும்புக்கு மேல் வரும் வேறு கட்டி, அசையாத கட்டி, நீர்ப்பை போல மெத்தென்றது, நடுக்கழுத்தில் வருவது, ஊசிமுனை அளவு துளை வழியாகக் கசிவது ஆகியவற்றை ஓரிரு நாளில் காட்டுங்கள்.

அன்றைக்கே போக வேண்டியவை: 3 மாதத்துக்குள் 38 பாகை செல்சியஸ் அல்லது மேல் காய்ச்சல், கட்டி சிவந்து சுடுவது, ஒரு நாளில் வீங்குவது, பால் குடிக்க மறுப்பது, பிள்ளை துவண்டு கிடப்பது. மூச்சு இரைந்து நெஞ்சு உள்ளிழுத்தால், உதடு நீலமானால், பஸ்சுக்கு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

உங்கள் நிலைக்கு, இந்தக் கிழமைக்குள் மல்லாவி வைத்தியசாலையிலேயே காட்டலாம். தேவையென்றால் அங்கிருந்து கடிதம் தந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ அனுப்புவார்கள். போகும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப்போங்கள், பிறந்த விதமும் ஊசி போட்ட திகதியும் அதில்தான் இருக்கும்.