"நான் திருநங்கை, நீ யார் அதை மாற்ற?": சொல் தகராறுகள் பற்றிக் கேள்வி பதில்

ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சண்டைக்கு வந்தவர்களுக்கும் பதில் உண்டு.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "மூன்றாம் பாலினத்தவர் நாம்" என்று எழுத, இன்னொரு திருநங்கை "நான் பெண், எவருக்கும் மூன்றாவது இல்லை" என்று பொரிந்து தள்ளிவிட்டார். எழுதியவரும் திருநங்கைதான்! யார் பக்கம் நியாயம் அக்கா?

தன்னைப் பற்றிப் பேசும்வரை இரண்டு பேர் பக்கமும்தான். வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் ஆதாரம் ஒரே தீர்ப்பு. 2014 ஏப்ரல் 15-இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று முடிவு செய்வது அந்த நபரின் உரிமை என்றும் சொன்னது, அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது என்றும் சொன்னது. ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட குடும்பத்தில், வளர்ந்த மூத்தவர்கள் பலருக்கு அந்தச் சொல் 'நமக்கென்று ஓர் இடம்'. பெண்கள் விடுதியில் அறை கேட்டுப் போய், "உங்களுக்குத் தனியாக ஏதாவது இருக்கும், அங்கே பாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அதே சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். உங்கள் குழுவில் தகராறு வந்தது 'மூன்றாம் பாலினம்' என்பதால் அல்ல, கூடவே வந்த 'நாம்' என்பதால்.

கேள்வி: 'அரவாணி' என்று சொன்னால் தவறா? மரியாதையான சொல் என்றுதான் நினைத்திருந்தோம்.

அதற்கு முன் புழங்கிய வசவுகளோடு பார்த்தால் மரியாதையான சொல்தான். கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் மரபிலிருந்து வந்தது. ஆனால் அந்தக் கதை எல்லோருடையதும் அல்ல, திருநங்கைகளில் இஸ்லாமியரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. இன்னமும் தன்னை அரவாணி என்றே சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: செய்தியில் எல்லோரையும் 'திருநங்கை' என்றே எழுதுகிறோம். போதாதா?

போதாது. ஆணாக வாழ்பவர் திருநம்பி. பொதுவாகச் சொல்லத் திருநர். தாடியும் மீசையுமாக நிற்கும் ஒருவரின் படத்துக்குக் கீழே 'திருநங்கை' என்று போட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? தமிழக அரசு 2022-இல் சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஊடுபாலினரும் திருநர்தானே?

இல்லை. ஊடுபாலினம் என்பது ஆண், பெண் உடலின் வழக்கமான அமைப்பிலிருந்து பிறவியிலேயே உள்ள வேறுபாடு, திருநர் என்பது அடையாளம். 2019-இல் வந்த மத்தியச் சட்டம் இரண்டையும் ஒரே வரையறைக்குள் போட்டதில்தான் குழப்பம் கூடியது. ஊடுபாலினருடைய முதல் கோரிக்கையே வேறு, குழந்தையின் உடலைக் கேட்காமல் வெட்டித் திருத்தாதீர்கள் என்பது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: என் தங்கைப் பிள்ளை நான்-பைனரியாம். அவனும் இல்லை, அவளும் இல்லை என்றால் எப்படிப் பேசுவது?

'அவர்', 'அவங்க' இருக்கும்போது என்ன கவலை? நேரில் பேசும்போது நீ, வா, போ எல்லாம் யாருக்கும் பொதுதானே. மாட்டிக்கொள்வது, வயதில் சிறியவரை 'வந்தார்' என்று சொல்ல வாய் கூசும் இடத்தில்தான். அங்கே பெயரைச் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளையிடமே கேளுங்கள். சிலருக்கு 'அவர்' தள்ளி நிறுத்துவது போல இருக்கும்.

கேள்வி: என்னை 'சிஸ்' பெண் என்கிறார்கள். இது என்ன புது வசவு?

வசவு அல்ல. பிறந்தபோது குறித்த பாலினத்திலேயே தன்னை உணர்பவர், அதாவது திருநர் அல்லாதவர் என்று பொருள், அவ்வளவுதான். வேதியியல் வகுப்பில் சிஸ், டிரான்ஸ் படித்திருப்பீர்கள், லத்தீனில் 'இந்தப் பக்கம்', 'அந்தப் பக்கம்'. பிடிக்கவில்லையா, உங்களை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பதில் 'அசல் பெண்' என்று ஆரம்பித்தீர்கள் என்றால் நான் சண்டைக்கு வருவேன்.

கேள்வி: அலுவலகப் படிவத்தில் எந்தெந்தக் கட்டம் வைக்கலாம்?

முதலில் அந்தத் தகவல் எதற்கு என்று பாருங்கள், பாதிப் படிவங்களில் தேவையே இருக்காது. தேவையென்றால் ஆண், பெண், அப்புறம் அவரே எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு, சொல்ல விருப்பமில்லை என்று ஒன்று. 'மற்றவை' மட்டும் வேண்டாம்.