6.99 எங்கே, 7.5 எங்கே?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இசிஇ ஐந்தாவது செமஸ்டர் படிக்கிறேன், 2021 ரெகுலேஷன். முதல் நான்கு செமஸ்டரில் மொத்தம் 88 கிரெடிட். அதில் 4 கிரெடிட் கணக்குப் பேப்பர் ஒன்று அரியர். அதன் இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மார்க்) 40-க்கு 18. இப்போது சிஜிபிஏ (இதுவரையான எல்லா செமஸ்டருக்கும் சேர்ந்த கிரேடு சராசரி) 6.99. ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் சில 7 கேட்கின்றன, சில 7.5. அடுத்த இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து 44 கிரெடிட், படிப்பு முழுவதற்கும் 165. நான் 7.5-ஐ எட்ட முடியுமா? இன்னொன்று: இந்த செமஸ்டரில் ஒரு தியரி பேப்பரின் முதல் அசெஸ்மென்ட்டில் அசைன்மென்ட் 40-க்கு 22, டெஸ்ட் 60-க்கு 21 வாங்கியிருக்கிறேன். பாஸாக யூனிவர்சிட்டி பரீட்சையில் எவ்வளவு எடுக்க வேண்டும்?

– மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: அரியரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் கணக்கு அங்கேதான் இடறுகிறது. யு கிரேடு, அதாவது பாஸாகவில்லை என்று வந்த பேப்பரை ஜிபிஏ (ஒரு செமஸ்டரின் சராசரி), சிஜிபிஏ இரண்டிலும் சேர்ப்பதில்லை. ஆகவே உங்களுடைய 6.99 பாஸான 84 கிரெடிட்டுக்கு உரியது, 88-க்கு உரியது இல்லை.

சிஜிபிஏ போடும் முறை எளிது. ஒவ்வொரு பேப்பரின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய கிரேடு பாயின்ட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். ஓ 10, ஏ ப்ளஸ் 9, ஏ 8, பி ப்ளஸ் 7, பி 6, சி 5. (நான்கு செமஸ்டர் ஜிபிஏ-க்களைக் கூட்டி நான்கால் வகுப்பவர்கள் நிறைய. கிரெடிட் செமஸ்டருக்கு செமஸ்டர் மாறும் என்பதால் அந்த விடை சரியாக வராது.) உங்கள் 84 கிரெடிட்டுக்கு இதுவரை 587 பாயின்ட் சேர்ந்திருக்கிறது. அரியரை சி கிரேடில் முடித்தால் 20 பாயின்ட் கூடி 607. அதை 88-ஆல் வகுத்தால் 6.90. அரியர் எழுதி பாஸான பிறகு சிஜிபிஏ இறங்கிவிட்டதே என்று பரீட்சைப் பிரிவில் போய்க் கேட்பவர்களுக்கு நடந்திருப்பது இதுதான். அதே பேப்பரில் பி ப்ளஸ் வந்தால் 615 பாயின்ட், சிஜிபிஏ 6.99-லேயே நிற்கும்.

இனி இலக்கு. ஆறாவது செமஸ்டர் முடிவில் உங்கள் கணக்கில் 132 கிரெடிட் இருக்கும். 7.5 வேண்டுமானால் 990 பாயின்ட் தேவை. அரியர் சி என்று வைத்தால், மீதி 383 பாயின்ட்டை 44 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். அதாவது சராசரி 8.70: 31 கிரெடிட்டுக்கு ஏ ப்ளஸ், மிச்சம் 13-க்கு ஏ. இதுவரை சராசரி 7-ஐ ஒட்டி வாங்கியவர் இரண்டே செமஸ்டரில் இதைச் செய்வது மிகக் கடினம். கேம்பஸ் நேரத்துக்குள் 7.5 வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். படிப்பு முடியும்போது என்றால் நிலைமை கொஞ்சம் இளகும். 165 கிரெடிட்டுக்கு 1237.5 பாயின்ட், மீதமுள்ள 77 கிரெடிட்டில் சராசரி 8.19. அதுவும் கடினம்தான், ஆனால் நடக்காத காரியம் இல்லை.

கையில் வருவது 7. அதற்கு 924 பாயின்ட். அரியர் சி என்றால் 44 கிரெடிட்டில் 317 வேண்டும்: எல்லாவற்றிலும் பி ப்ளஸ், அதற்கு மேல் 9 கிரெடிட்டுக்கு ஏ. அரியர் பி ப்ளஸ் என்றால் 309 போதும். எல்லாவற்றிலும் பி ப்ளஸ் வாங்கினாலே 308 வந்துவிடும். பிறகு ஒரே ஒரு பேப்பரில் ஒரு படி ஏறினால் முடிந்தது. உங்களிடம் இருக்கும் பேப்பர்களிலேயே விலை அதிகம் அந்தப் பழைய கணக்குப் பேப்பருக்குத்தான். ‘பாஸானால் போதும்’ என்று அதை எழுதப் போகாதீர்கள். ஒருமுறை பாஸான பேப்பரை மார்க்கை உயர்த்துவதற்காகத் திரும்ப எழுத இந்த ரெகுலேஷனில் வழி கிடையாது.

அதில் எவ்வளவு எடுக்க வேண்டும்? தியரி பேப்பரில் இன்டர்னல் 40, யூனிவர்சிட்டி பரீட்சை 60. பரீட்சை 100-க்கு நடந்து 60-ஆகச் சுருங்கும். ஆகவே வேண்டிய மொத்தத்தில் இருந்து இன்டர்னலைக் கழித்து, 0.6-ஆல் வகுத்தால் பரீட்சைத் தாளில் எடுக்க வேண்டிய மார்க் வரும். உங்கள் இன்டர்னல் 18. பாஸுக்கு 50 − 18 = 32; 0.6-ஆல் வகுத்தால் 53.3, எனவே 54. பி ப்ளஸ்ஸுக்கு மொத்தம் 61 என்று வைத்துக்கொண்டால் தாளில் 72. ஒரு எச்சரிக்கை: 2021 ரெகுலேஷனில் ரிலேட்டிவ் கிரேடிங். பாஸானவர்களின் மார்க்கை வைத்தே கிரேடு எல்லை அமைவதால், 61 என்றால் பி ப்ளஸ் என்று சத்தியம் செய்ய முடியாது. எல்லைக்கோட்டில் நிற்காமல் நான்கைந்து மார்க் தள்ளியே குறி வையுங்கள்.

இந்தச் சூத்திரத்தோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: பரீட்சைத் தாளில் மட்டும் தனியாக 45 வேண்டும். இன்டர்னல் 32 வைத்திருப்பவர் தாளில் 40 எடுத்தால் மொத்தம் 56 வருகிறது, ஆனாலும் யு. தாளில் 45 என்பது 60-க்கு 27. ஆகவே இன்டர்னல் 23-ஐத் தாண்டிய பிறகு கூடும் மார்க் பாஸுக்கு உதவாது, கிரேடுக்குத்தான் உதவும். 23-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு மார்க்குக்கும் தாளில் 1.67 மார்க் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றும் 100. மொத்தம் 200 மார்க் 40-ஆகச் சுருங்குகிறது. ஐந்து மார்க் வாங்கினால் இன்டர்னலில் ஒன்று. இரண்டு டெஸ்ட்டும் சேர்ந்து 24, இரண்டு அசைன்மென்ட்டும் சேர்ந்து 16. நூறு மார்க்கில் பதினாறை வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதி வாங்கலாம் என்றிருக்க, அதைக் கடைசி நாள் ராத்திரி தோழியின் நோட்டைப் பார்த்துக் காப்பியடிப்பதில் என்ன லாபம்?

முதல் அசெஸ்மென்ட்டில் உங்களுக்கு 43. இரண்டாவதிலும் அதே 43 என்றால் இன்டர்னல் 17.2, பாஸுக்குத் தாளில் 55 தேவை, மொத்தம் 70-க்கு 88 தேவை. அசைன்மென்ட்டில் 36, டெஸ்ட்டில் 33 என்று 69-க்கு உயர்த்தினால் இன்டர்னல் 22.4, பாஸுக்கு 46, மொத்தம் 70-க்கு 80. இதில் அசைன்மென்ட்டில் கூடும் 14 மார்க்தான் எளிது. முதல் அசைன்மென்ட் தாளைத் திரும்ப வாங்கி, 18 மார்க் எங்கே போனது என்று பாருங்கள். வழக்கமாகப் போகும் இடங்கள்: படத்தில் பாகங்களின் பெயர் இல்லை, சமன்பாட்டுக்கு நடுப்படிகள் இல்லை, விடைக்கு அலகு இல்லை, தாமதமாகக் கொடுத்தது. காரணம் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். இன்டர்னல் பதிவேறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

யூனிவர்சிட்டி தாளில் பார்ட் ஏ பத்து இரண்டு மார்க் கேள்வி, பார்ட் பி ஐந்து பதின்மூன்று மார்க் கேள்வி, பார்ட் சி ஒரு பதினைந்து மார்க் கேள்வி. ஒவ்வொரு யூனிட்டில் இருந்தும் இரண்டு சிறு கேள்வி, ‘இது அல்லது அது’ என்று ஒரு பெரிய கேள்வி. 55 தேவைப்படுபவர் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்: பார்ட் ஏ-யில் 15, நன்றாகத் தெரிந்த மூன்று யூனிட்டில் தலா 10, மற்ற இரண்டில் தலா 3, பார்ட் சி-யில் 4. இரண்டு யூனிட்டை அடியோடு விட்டுவிடுபவர்கள் பெரிய கேள்வி மட்டும்தான் போகிறது என்று நினைக்கிறார்கள்; அதோடு நான்கு சிறு கேள்வியும், அதாவது இன்னும் 8 மார்க்கும் போகிறது. விடப்போகும் யூனிட்டானாலும் அதன் வரையறைகளையும் சிறு சூத்திரங்களையும் படித்துவிட்டுப் போங்கள்.

லேபை மறந்துவிடாதீர்கள். லேபில் விகிதம் தலைகீழ்: இன்டர்னல் 60, பரீட்சை 40. அந்த 60-ல் முக்கால் பங்கு, அதாவது 45 மார்க், அப்சர்வேஷனுக்கும் ரெகார்டுக்கும். இரண்டு கிரெடிட் லேபில் ஏ-யில் இருந்து ஓ-வுக்கு ஏறினால் 4 பாயின்ட்; மூன்று கிரெடிட் தியரியில் பி ப்ளஸ்ஸில் இருந்து ஏ-வுக்கு ஏறினால் 3 பாயின்ட்தான். வாராவாரம் ரீடிங்கை எழுதி அன்றே கையெழுத்து வாங்குபவருக்கு முதலாவதே சுலபம். தியரியும் லேபும் சேர்ந்த பேப்பர் இருந்தால் அங்கே 50-க்கு 50. அதற்குப் போடும்போது 0.6-க்குப் பதில் 0.5-ஆல் வகுங்கள்.

ரிசல்ட் வந்ததும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்திருந்தால் விடைத்தாளின் ஃபோட்டோகாப்பிக்கு விண்ணப்பியுங்கள். திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பாருங்கள். அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியரிடமும் காட்டிவிட்டு ரீவேல்யூஷனுக்குப் போடுவதா என்று முடிவு செய்யுங்கள். விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு, கட்டணமும் உண்டு. அந்தக் கணக்கு அரியருக்கு இப்போதே பழைய வினாத்தாள்கள் ஐந்தாறு எடுத்து, எந்த மூன்று யூனிட் உங்களுக்குக் கைவரும் என்று இந்த வாரமே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பிளேஸ்மென்ட் பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி: கம்பெனிகள் எந்த செமஸ்டர் வரையான சிஜிபிஏ-யைப் பார்க்கின்றன, முடித்த அரியரையும் கணக்கில் எடுக்கிறார்களா அல்லது நிலுவையில் இருப்பதை மட்டுமா?