கரண்ட் போனதும் கார்ட்லெஸ் போன் ஊமையாகிவிடுகிறதே?

லேண்ட்லைன் போன் வீட்டை விட்டே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஃபைபர் இன்டர்நெட் எடுக்கும்போது கூடவே ஒரு லேண்ட்லைன் நம்பரும் கொடுத்துவிடுகிறார்கள், அதில் மாட்ட ஒரு போன் தேடுகிறோம், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கார்ட்லெஸ் வாங்குகிறோம். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 76. மூட்டுவலியால் மணி அடித்ததும் கூடத்துக்கு ஓடி வர முடியவில்லை என்று கார்ட்லெஸ் போன் வாங்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. பழைய போன் அப்படி இல்லையே, இதில் கோளாறா?

கோளாறு இல்லை. பழைய போன் உங்கள் வீட்டு கரண்டில் ஓடவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பேட்டரிகளிலிருந்து செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருந்தது, அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் அந்த போன் மட்டும் அடித்தது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. ஆகவே இப்போது உங்கள் அம்மா வீட்டில் இரண்டு பெட்டிகளுக்கு கரண்ட் வேண்டும். ஒன்று சுவரில் இருக்கும் ஃபைபர் மோடம், இன்னொன்று கார்ட்லெஸ் போனின் பேஸ். ஹேண்ட்செட்டில் பேட்டரி முழுசாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், பேஸ் அணைந்துவிட்டால் ஹேண்ட்செட் பேச ஆள் இல்லாமல் நிற்கும். (பேஸின் மேல் ஹேண்ட்செட்டை வைத்தால் அதன் பேட்டரியிலேயே பேஸ் கொஞ்ச நேரம் ஓடும் வசதி சில பானாசோனிக் மாடல்களில் உண்டு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.)

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் ஒன்று பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் லைட், ஃபேன், டிவி பாயின்ட் வரைக்கும்தான் இன்வெர்ட்டர் லைன் போயிருக்கும், மோடம் மாட்டிய பிளக் பாயின்ட் அதில் சேர்ந்திருக்காது. மெயினை அணைத்துவிட்டு மோடம் விளக்கு எரிகிறதா, போனில் டயல் டோன் வருகிறதா என்று நீங்களே ஊரில் இருக்கும்போது சோதித்துவிட்டு வாருங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மோடத்துக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். ஆனால் அதே யூபிஎஸ்ஸில் போன் பேஸையும் மாட்டலாமே என்று பின்னை நுழைத்துப் பார்க்காதீர்கள். பேஸின் அடாப்டர் பெரும்பாலும் 6 வோல்ட் பக்கத்தில் இருக்கும், 12 வோல்ட் கொடுத்தால் பேஸ் போய்விடும். அடாப்டரின் மேல் அவுட்புட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் எதையும் மாட்ட வேண்டும்.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது, நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். கார்ட்லெஸ் வாங்கினாலும் வயர் உள்ள சாதாரண போன் ஒன்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். டெலிபோன் லைனை இரண்டாகப் பிரிக்கும் சின்ன டப்பா எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும், அதில் இரண்டையும் மாட்டிவிடலாம். வயர் போனுக்குத் தனி கரண்ட் வேண்டாம், தேவையானதை மோடத்தின் போன் பாயின்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்போது மோடம் ஒன்றுக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்தால் போதும், கரண்ட் போன ராத்திரியிலும் அம்மாவுக்கு ஒரு போன் இருக்கும். தனியாக இருக்கும் ஒருவர் விஷயத்தில் இந்தச் சின்னச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம் பேஸை எங்கே வைப்பது? மோடத்தின் தலைமேல் வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் இரண்டுக்கும் பின்னால் வைத்தால் சிக்னல் அங்கேயே அடைபட்டுவிடும். வீட்டின் நடுவில், இடுப்பு உயரத்துக்கு மேல் வைப்பது நல்லது, அதற்கு டெலிபோன் வயரை நீட்டிக்கொள்ளலாம். பெட்டியில் உள்ளே 50 மீட்டர், வெளியே 300 மீட்டர் என்று போட்டிருப்பது தடையில்லாத நிலைக்கு. உங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரின் கனத்துக்கு அது எங்கே! ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லை, கிணற்றடி, குளியலறை வரை நடந்து பாருங்கள். வயதானவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் குளியலறை, அங்கே சிக்னல் வந்தே ஆக வேண்டும்.

நம்பர்களைப் பதிந்து வைக்கும்போது மொபைல் நம்பருக்கு முன்னால் 0 சேருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்கு அடித்தாலும் 0 போட்டே ஆக வேண்டும், இது தெரியாமல் "போன் ரிப்பேர்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 108-க்கு 0 வேண்டாம், அதை ஒரே பட்டனில் போகும்படி வைத்துவிடுங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து அருமையான கார்ட்லெஸ் செட் கொண்டு வருகிறேன் என்கிறார். மூன்று ஹேண்ட்செட், விலையும் குறைவு. வாங்கிக்கொள்ளலாமா? (மதுரை)

வேண்டாம். அண்ணன் பெட்டி கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், அதற்கென்றே செய்த அடாப்டரை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் புகைதான் வரும். அதையாவது வேறு அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். பெரிய பிரச்சினை அலைவரிசை. டெக்ட் என்பது கார்ட்லெஸ் போனின் பேஸும் ஹேண்ட்செட்டும் பேசிக்கொள்ளும் முறை. அமெரிக்காவில் டெக்ட் 6.0 என்று விற்கும் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் நாட்டில் 1920-இலிருந்து 1980 வரை மொபைல் போன்கள் டவருக்கு சிக்னல் அனுப்பும் அலைவரிசை. உங்கள் வீட்டு கார்ட்லெஸ் போன் பேஸ் அங்கே போய் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால், பக்கத்து டவருக்கு மற்றவர்களின் மொபைல் பேச்சு காதில் விழாது. தெருவில் பத்துப் பேருக்கு கால் கட்டாகும், யாருக்கும் காரணம் தெரியாது. இங்கே அனுமதி இல்லாத கருவி என்பதால் சட்டப்படியும் தப்பு. நம் கடைகளில் கிடைக்கும் டெக்ட் போன்கள் ஐரோப்பாவில் போல 1880 முதல் 1900 வரை உள்ளவை, அவற்றால் இந்தத் தொல்லை இல்லை. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருவதாக இருந்தால் வோல்ட்டும் அலைவரிசையும் ஒத்துப்போகும், பிளக் மட்டும் மாறும். ஆனாலும் வாரண்டி இங்கே செல்லாது, எனவே உள்ளூரில் பில்லோடு வாங்குவதையே சொல்வேன்.

இங்கேயே வாங்கும்போதும் பெட்டியில் டெக்ட் அல்லது 1.9 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்ட மாடல்கள் இன்னும் சில கடைகளில் இருக்கின்றன. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். சமையலறையில் சாதம் சூடாகும்போது போனில் கொர கொர என்று சத்தம் வரும்.

மூன்று வருடப் போன். ராத்திரி முழுக்க சார்ஜில் வைத்தும் ஐந்து நிமிடத்தில் பீப் அடித்து அணைந்துவிடுகிறது. கடையில் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். (நாகர்கோவில்)

எனக்கும் இதையே சொன்னார்கள். மாமியார் வீட்டுப் போனை ஒரு கடைக்கு எடுத்துப் போனேன், மூடியைக்கூடத் திறக்காமல் போர்டு என்றார்கள். வீட்டுக்கு வந்து பேட்டரி இரண்டையும் மாற்றினேன், அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடியது. நல்ல நிலையில் இருக்கும் எத்தனை போன்கள் இப்படிக் குப்பைக்குப் போகின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஹேண்ட்செட்டின் பின்மூடியைத் திறங்கள். உள்ளே சின்ன பென்சில் பேட்டரி மாதிரி இரண்டு இருக்கும், ஏஏஏ சைஸ், மேலே 1.2 வோல்ட் என்றும் என்ஐஎம்ஹெச் என்றும் எழுதியிருக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, இரண்டு மூன்று வருடத்தில் அதன் ஆயுள் முடிவது இயற்கை. அதே வகை, அதே சைஸ் இரண்டு புதிதாக வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடியும். பழசில் 550 மில்லி ஆம்பியர் அவர் என்று இருந்து புதிதில் 750 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், சார்ஜ் ஏற நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று கலக்காதீர்கள்.

ஒரே ஒரு தவறை மட்டும் செய்துவிடக் கூடாது. கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடும் சாதாரண 1.5 வோல்ட் செல்லை இதில் போடக் கூடாது. சைஸ் ஒன்றுதான், உட்கார்ந்துவிடும், போனும் வேலை செய்யும். ஆனால் அது சார்ஜ் ஏற்றுவதற்கு உரியதல்ல. பேஸில் வைத்ததும் சூடாகி, கசிந்து, ஹேண்ட்செட்டையே அரித்துவிடும், வெடிக்கவும் கூடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் செல் மாற்றும் ஆர்வத்தில் இருந்தால் மூடியின் உள்ளே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

புது பேட்டரி போட்டதும் முதல் சார்ஜை இடையில் எடுக்காமல் முழுசாக ஏற விடுங்கள். பல மாடல்களில் 7 மணி நேரம் என்று சொல்லியிருப்பார்கள், சிலவற்றில் இன்னும் கூடுதல். உங்கள் ஊர் கடல் பக்கம் என்பதால் இன்னொன்று: ஹேண்ட்செட் அடியிலும் பேஸிலும் இருக்கும் உலோகத் தகடுகளில் உப்புக் காற்றில் பாசி மாதிரி படியும். மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். பாதிப் "பேட்டரி கோளாறு" அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு ஹேண்ட்செட் உள்ள மாடல் வாங்கினால் மாடிக்கும் தனி லைன் இழுக்க வேண்டுமா?

வேண்டாம். லைன் பேஸுக்கு மட்டும்தான். மாடியில் இருப்பது வெறும் சார்ஜர், கரண்ட் பாயின்ட் இருந்தால் போதும். இரண்டுக்கும் நடுவே இன்டர்காம் மாதிரி இலவசமாகப் பேசலாம், மாடிக்குப் படியேறாமல் "சாப்பிட வா" என்று கூப்பிடலாம். பிறகு ஒரு ஹேண்ட்செட் உடைந்தால், ஜிஏபி (கம்பெனி மாறினாலும் டெக்ட் போன்கள் ஒத்துப்போக வைத்த பொதுமுறை) என்று குறிப்பிட்ட வேறு கம்பெனி ஹேண்ட்செட்டையும் சேர்க்க முடியும். பேசுவது, அடிப்பது மட்டும் வரும், போன்புக் போன்றவை வராமல் போகலாம். சேர்க்கும்போது பின் நம்பர் கேட்டால் முதலில் 0000 போட்டுப் பாருங்கள்.

பேங்க்குக்கு போன் செய்தால் "தமிழுக்கு 1 ஐ அழுத்தவும்" என்கிறார்கள், அழுத்தினாலும் கேட்பதில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்ற நம்பரும் திரையில் வருவதில்லை. (சேலம்)

முதலாவது உங்கள் கையிலேயே இருக்கிறது. போன் பல்ஸ் முறையில் இருக்கிறது, மெனுவில் டயல் மோட் என்ற இடத்தில் டோன் என்று மாற்றுங்கள். பல்ஸ் என்பது சுழற்றும் டயல் காலத்து முறை, எதிர்முனை கம்ப்யூட்டருக்கு அந்த டக் டக் புரியாது. அவசரத்துக்கு, கால் இணைந்த பிறகு நட்சத்திரக் குறி பட்டனை ஒருமுறை அழுத்தினால் அந்த ஒரு காலுக்கு மட்டும் டோனாக மாறிவிடும்.

இரண்டாவதுக்கு, முதலில் உங்கள் இணைப்பில் காலர் ஐடி சேவை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தும் வரவில்லை என்றால், நம்பரை அனுப்புவதில் எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று இரண்டு முறை உண்டு, மோடம் ஒரு முறையில் அனுப்ப போன் இன்னொன்றுக்குக் காத்திருந்தால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். போன் மெனுவில் மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபைபர் போட்ட ஆளைக் கூப்பிட்டு மோடத்தில் மாற்றச் சொல்லுங்கள். எஃப்எஸ்கே முறையில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்தான் நம்பர் வரும், முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் நம்பர் தெரியாது.

ஆன்லைனில் வாங்கினேன். ஹேண்ட்செட் சார்ஜே ஏறவில்லை. திருப்பி எடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்று கைவிரிக்கிறார்கள். 2,800 ரூபாய்க்கு எங்கே போய் நிற்பது? (திருநெல்வேலி)

திருப்பி எடுக்கும் நாள் வேறு, வாரண்டி வேறு. அந்த நாள் முடிந்தாலும் பழுதான பொருளைச் சரிசெய்து கொடுக்கும் பொறுப்பு முடிவதில்லை. பில், பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், சார்ஜ் ஏறாததைக் காட்டும் ஒரு சின்ன வீடியோ, மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புகார் எண் வாங்குங்கள். கூடவே, விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசியதை மட்டும் நம்பி விடாதீர்கள், எழுத்தில் இல்லாத புகாரை நடந்ததாகக் காட்டுவது கஷ்டம்.

அதற்கும் அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள், இந்த அளவு தொகையில் பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தின் கீழ் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில் இருக்கிறது என்று அங்கே ஓட வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வாரண்டி அட்டையில் பேட்டரிக்குப் பொறுப்பில்லை, இடி மின்னலால் போனால் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். உங்கள் போன் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் பேட்டரியா, சார்ஜர் பக்கமா என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு சுலபமாகும். வேறு வீட்டில் இருக்கும் நல்ல என்ஐஎம்ஹெச் பேட்டரி இரண்டை ஒரு நாள் போட்டுப் பாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் பேட்டரி சாக்கு அவர்களுக்கு இல்லை. அதையும் வீடியோ எடுத்து வையுங்கள்.