மூன்று வயது மகளுடன் ஓராண்டு வெளிநாட்டில்: மொழியைவிடக் காகிதங்களைக் கவனியுங்கள்

மகளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், கிளம்புவதற்குள் அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புது மொழிச் சூழலில் சிறு குழந்தைகள் முதல் சில மாதங்கள் வாயே திறக்காமல் இருப்பது இயல்பு. அப்போது அவர்கள் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர், வலி, கழிப்பறை ஆகியவற்றுக்கு அவள் சொல்லும் தமிழ்ச் சொற்களைப் பாலர் பள்ளி ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வீட்டில் தமிழை விடாதீர்கள். திரும்பி வந்தபின் அந்த மொழி அவளுக்கு மறந்தும் போகலாம், போகட்டுமே!

எனக்குக் கவலை தருவது வேறு. கணவர் முன்னதாகப் போகிறார், நீங்களும் மகளும் பிறகு போகிறீர்கள் என்கிறீர்கள். அப்படியானால் மகளை நீங்கள் தனியாக அழைத்துச் செல்லத் தனக்குச் சம்மதம் என்று அவர் எழுதும் கடிதத்தை, அவர் கிளம்பும் முன்பே நோட்டரி சான்றுடன் வாங்கி வையுங்கள். சில நாடுகளின் குடிவரவு அதிகாரிகள் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும். குழந்தையின் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று இன்றே பாருங்கள்.

தடுப்பூசி அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவரிடம் இப்போதே ஒப்பிடச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமான நாடென்றால், சான்றிதழ் ஊசி போட்ட 10 நாட்கள் கழித்தே செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.